காலைக் கட்டிப்போட்டாங்க... கிடைத்தது புது ஷாட்!

ஃபாஸ்ட் பௌலர் ஓடி வர்றார். பந்து நேரா உடம்பைப் பார்த்து வருது. பயத்துல கால் தானா லெக் சைடு பக்கம் ஒதுங்கிடுது. நெட்ஸ்ல இதுக்காக கோச்சிடம் திட்டு வாங்கியிருக்கீங்களா? கவலைப்படாதீங்க. இதே பிரச்னை இருந்த ஒருவரின் பெயரில்தான் இன்று ரஞ்சி டிராபி நடக்கிறது!

ரஞ்சித்சிங்ஜி 1872-ல் குஜராத்தின் கத்தியவார் பகுதியில் பிறந்தவர். ராஜ்கோட்டில் பள்ளிப்படிப்பு. 1888-ல் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். கையில் திறமை இருந்தது. ஆனால், வேகப்பந்து வந்தால் வலது கால் பின்வாங்கிவிடும்.

கோச் டேன் ஹேவர்ட் ஒரு வேலை செய்தார். ரஞ்சியின் வலது காலைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இனி எங்கே ஓடுவது? காலை நோக்கி வரும் பந்தை, நின்ற இடத்திலேயே மணிக்கட்டைத் திருப்பி, ஃபைன் லெக் பக்கம் தட்டிவிடப் பழகினார். அதுதான் அவரை உலகப் புகழ் பெறவைத்த லெக் கிளான்ஸ்! பயிற்சியிலும் அவர் விடவில்லை. காசு கொடுத்து தொழில்முறை பௌலர்களை வரவழைத்து, மணிக்கணக்கில் ஆடினார்.

அப்பவும் வாய்ப்பு சுலபமாகக் கிடைக்கலை. இந்தியர் என்ற தயக்கம் பலருக்கு. 1892-ல் பல்கலைக்கழக அணி கேப்டன் ஜாக்சன் அவரைச் சேர்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஜாக்சன் இந்தியா வந்து ஆடிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு ரஞ்சிக்கு இடம் கிடைத்தது.

1896-ல் இங்கிலாந்து அணிக்காக முதல் டெஸ்ட், ஓல்டு டிராஃபோர்டில். எதிரணி ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் 62. ஃபாலோ ஆன் ஆன பிறகு, கடைசிவரை அவுட் ஆகாமல் 154! இங்கிலாந்து தோற்றது, ஆனால், ரஞ்சியை இனி யாரும் ஒதுக்க முடியாத நிலை. 1899-ல் ஒரே சீசனில் 3,000 ரன்களைக் கடந்த முதல் வீரரும் அவர்தான்.

1907-ல் நவாநகர் மன்னரானார். 1915-ல் வேட்டை விபத்தில் வலது கண் போனது. அப்படியும் 1920-ல், ஒற்றைக் கண்ணோடு சசெக்ஸ் அணிக்காக மீண்டும் இறங்கினார். ரன் பெரிதாக வரவில்லை. 1933-ல் மறைந்தார்.

நாளைக்கு நெட்ஸ்ல கோச் உங்க காலைக் குறை சொன்னா, முகம் சுளிக்காதீங்க. நகராம நின்னு ஆடிப் பாருங்க. உங்க ஷாட்டும் அங்கதான் இருக்கலாம்!