கொடுமுடி கோகிலத்தின் இளமைப் பருவம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் திருவண்ணாமலைச் சீமைக்கு உரிய நூலாகும். பசியோடு வழிநடக்கும் கூத்தரைப் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் கண்டு, செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் வழியைக் காட்டுவதே அதன் பொருள். அச்செங்கண்மா இந்நாளில் செங்கம் என வழங்குகின்றது. அதே சீமையிலுள்ள கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து இன்றும் விடியுமளவும் நிகழ்கின்றது. கலைஞருக்குப் பொன்னினும் முன்னதாக வேண்டப்படுவது வழிகாட்டும் ஒருவரே என்னும் இவ்வுண்மைக்குக் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் இளமை வரலாறு சான்றாகும்.

அம்மையார் 1908-ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். அன்னையார் பெயர் பாலாம்பாள். குடும்பத்தை வறுமை வாட்டியமையால், விளையாடற்குரிய வயதில் அவர் புகைவண்டியில் பாடிப் பொருளீட்ட நேர்ந்தது. பக்க வாத்தியம் இல்லை. சுருதிப் பெட்டியும் இல்லை. உருளைகளின் பேரொலிக்கு மேலாகத் தம் குரலை எழுப்பினாலன்றி அடுத்த பலகையில் இருப்போர்க்கும் அது கேளாது. பாட்டு நன்றாயின் ஒரு காசு; அன்றேல் அதுவும் இல்லை. இதுவே அவருடைய முதற் சங்கீத சபை.

அவ்வண்டியில் ஒருநாள் எப். ஜி. நடேசய்யர் பயணஞ் செய்தார். அவர் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வே அதிகாரியாக விளங்கியவர். நாடகத்தில் தாமே நடிக்கும் ஆர்வலர். 1914-இல் ரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். பின்னாளில் தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் அவரே. காசு கொடுத்துக் கடமை முடிந்ததென அவர் எண்ணினாரல்லர். அச்சிறுமியைக் கும்பகோணத்தில் வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவிற் சேரும்படி ஆற்றுப்படுத்தினார். சுவிசேஷ உவமையில் வரும் தாலந்து போல மண்ணிற் புதைந்து மறைந்திருக்கக்கூடிய குரல், அந்நாளில் வெளிப்பட்டது.

முதலில் அவருக்குக் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் அவளுடைய ஆண்மகவின் வேடம். பஞ்சத்தால் பிழைப்பின்றித் தமையன் வீட்டை அடைந்த தாயும், பசியால் துடிக்கும் மக்களும் அந்நாடகத்தின் உயிர்நிலையாவர். பசியை மேடையில் நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்ததோ?

அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. இரவு முழுதும் உயர்ந்த சுருதியில் பாடிக் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்தோர் செவியிலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கச் செய்தல் வேண்டும். சொற்றெளிவு குன்றினால் அவையோர் பொறார். பிற்காலத்தில் யாவரும் வியந்த அவருடைய கணீரென்ற குரலும் திருந்திய தமிழ் உச்சரிப்பும் இப்பயிற்சியில் உரம் பெற்றவையே.

பின்னர் இலங்கை மேடைகளிலும் பாடினார். புகழ்பெற்ற நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவை 1927-இல் மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறையவே, இருபத்தைந்து வயதில் வெண்ணிற ஆடை பூண்டு, எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935-இல் நந்தனார் படத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஓரிலட்சம் ரூபாய். 1953-இல் ஔவையாராகத் தோன்றினார். சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஓரிலட்சம் பெற்ற குரலும் ஒரு காசுக்குப் பாடிய குரலும் ஒன்றே. புகழ் வந்தபின் அதனைக் கேட்டோர் பல்லாயிரவர். வருமுன் செவிசாய்த்து வழிகாட்டினோர் மிகச் சிலர். நம் ஊர்க் கூத்து மேடைகளிலும் ஓடும் வண்டிகளிலும் இன்றும் இளங்குரல்கள் ஒலிக்கின்றன. நன்னனாகும் செல்வம் நம்மில் பலருக்கு இல்லை. ஆயினும் வழி சொல்லும் கூத்தனாதல் எவர்க்கும் இயல்வதன்றோ?