அஞ்சு சென்ட் கடைக்காரரின் 792 அடி

எம்பயர் ஸ்டேட் பில்டிங் நம்மில் எல்லோருக்கும் தெரியும். அது வருவதற்கு 18 வருஷம் முன்பே, அதே நியூயார்க்கில், உலகத்திலேயே உயரமான கட்டிடம் என்று பெயர் வாங்கியது உல்வொர்த் பில்டிங். அதைக் கட்ட வைத்தவர் இன்ஜினியரும் இல்லை, பரம்பரைப் பணக்காரரும் இல்லை. அஞ்சு சென்டுக்கும் பத்து சென்டுக்கும் சாமான் விற்ற ஒரு கடைக்காரர்!

ஃபிராங்க் உல்வொர்த் 1852-ல் நியூயார்க் மாநிலத்தில் ராட்மன் என்ற ஊரில் விவசாயி வீட்டில் பிறந்தார். பண்ணை வேலை பிடிக்கவில்லை. வாட்டர்டவுனில் ஒரு கடையில் சேர்ந்தார். முதல் மூணு மாசம் சம்பளமே கிடையாது. (நம்ம அப்ரன்டிஸ் டிரெயினிங்கே தேவலாம்!) பேசி விற்கிற சாமர்த்தியமும் அவரிடம் இல்லை. ஆனால் ஷோகேஸில் சாமானை அழகாக அடுக்குவதில் கெட்டிக்காரர்.

1879 பிப்ரவரியில் முதலாளியிடமே கடனுக்குச் சரக்கு வாங்கி யூட்டிகாவில் கடை போட்டார். எதை எடுத்தாலும் அஞ்சு சென்ட். கொஞ்ச நாளிலேயே கடை படுத்துவிட்டது. மனுஷன் அசரலை. அதே ஜூன் மாதம் லான்காஸ்டரில் மறுபடி ஆரம்பித்தார், பிடித்துக்கொண்டது. விலையை எழுதிப் போட்டு, ஜனங்கள் கையால் எடுத்துப் பார்க்கிற மாதிரி சரக்கைப் பரப்பி வைத்தார். 1912-ல் மற்ற கடைக்காரர்களோடு சேர்ந்தபோது மொத்தம் 596 கடைகள். கவுன்ட்டரில் நின்ற பெண்களுக்குக் கொடுத்த கூலி மட்டும் ரொம்பக் குறைவு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இனி நம்ம சிவில் விஷயம். கட்டிடக் கலைஞர் காஸ் கில்பர்ட். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குன்வால்ட் ஆஸ். முதலில் போட்ட பிளான் சின்னதுதான். உல்வொர்த் உயரத்தை ஏற்றிக்கொண்டே போனார். 700 அடி மெட்ரோபாலிடன் லைஃப் கோபுரத்தை மிஞ்ச வேண்டும் என்று ஆசை! அங்கே கெட்டிப் பாறை நூறு அடிக்கும் கீழே இருக்கிறது, மேலே ஈர மண். அதனால் 69 கெய்சன்களை இறக்கினார்கள். உள்ளே அழுத்தக் காற்றை அடைத்துத் தண்ணீரை வெளியே நிறுத்தி, ஆட்கள் அடியில் இருந்து மண் தோண்ட, கெய்சன் இறங்கிக்கொண்டே போகும். பாறையைத் தொட்டதும் கான்கிரீட். காற்றின் வேகத்தைத் தாங்க போர்ட்டல் பிரேசிங். செலவு ஒரு கோடியே 35 லட்சம் டாலர். அடமானம் கிடையாது, எல்லாம் ரொக்கம்!

1913 ஏப்ரல் 24 இரவு ஜனாதிபதி வில்சன் வாஷிங்டனில் பட்டனை அமுக்க, இங்கே 80,000 விளக்குகள் எரிந்தன. லாபியில் உல்வொர்த் காசு எண்ணுவது போலவும், கில்பர்ட் கட்டிட மாடலைத் தூக்கிக்கொண்டிருப்பது போலவும் சின்னச் சிலைகள் இருக்கின்றன. ஆஸ் கையில் கர்டர்!

இவ்வளவு கட்டியவருக்குப் பல் டாக்டர் என்றால் பயம். சீழ் பிடித்த பல்லைக் காட்டாமலே விட்டதில் விஷம் ஏறி, 1919 ஏப்ரலில், 67-வது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பு இறந்துபோனார். புது உயிலில் கையெழுத்துப் போடவில்லை. 1889-ல் எழுதிய பழைய உயில்படி சொத்தெல்லாம், நினைவு தப்பியிருந்த மனைவிக்குப் போனது.

1930 வரை உயரத்தில் அதுவே முதலிடம். பிறகு முகப்பில் பதித்த டெரகோட்டா வெடித்துப் பெயர்ந்தது. 1977 முதல் 1981 வரை சுமார் 26,000 துண்டுகளை மாற்றினார்கள். அமெரிக்காவில் இருந்த கடைகள் 1997-ல் மூடப்பட, மறு வருஷம் கம்பெனி கட்டிடத்தையே விற்றுவிட்டது.

கோபுரத்து மாடிகள் குறுகல். இந்தக் காலத்துப் பெரிய ஆபீஸுக்கு அந்த இடம் போதாது, ஆனால் நாலு பக்கமும் ஜன்னல் உள்ள வீட்டுக்கு அருமை. 2012-ல் மேல் 30 மாடிகளை 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கி அடுக்குமாடி வீடுகளாக்கினார்கள். கீழ் மாடிகள் ஆபீஸாகவே நின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் வெளித்தோற்றத்தில் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. உச்சியில் இருந்த வீட்டுக்கு முதலில் சொன்ன விலை 11 கோடி டாலர். 2023-ல் போனது 3 கோடிக்கு. பேஸ்மென்ட்டில் இருந்த பழைய நீச்சல் குளத்தையும் செப்பனிட்டு, வீடு வாங்கியவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.