முதல் பக்க கார்ட்டூனால் வெள்ளையரை சீண்டிய பாரதியார்

பாரதியார் என்றாலே கவிதைதான் ஞாபகம் வரும். ஆனால் தமிழ் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனை கொண்டு வந்தவரும் அதே முண்டாசுக்காரர்தான்!

எட்டயபுரத்தில் 1882-ம் ஆண்டு பிறந்தவர், 1904-ல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக சேர்ந்தார். 1906-ல் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. ஆசிரியர் என்று பதிவானது சீனிவாசன் பெயர். எழுத்து வேலை முழுக்க பாரதியார் தலையில்.

அப்போது எழுதப்படிக்க தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கட்டுரை போட்டால் எத்தனை பேருக்கு போய் சேரும்? படம் என்றால் பார்த்ததுமே புரிந்துவிடுமே!

இன்றைக்கு வார இதழ்களின் அட்டைப்படம் செய்கிற வேலையை, அன்று 'இந்தியா'வின் முதல் பக்க கார்ட்டூன் செய்தது. பாரதியார் படம் வரையவில்லை. என்ன போட வேண்டும் என்று யோசனை சொல்வார், ஓவியர் வரைவார். படத்துக்கு விளக்கமும் எழுதுவார். பஞ்சம், அன்னியத்துணி, காங்கிரசில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் நடந்த சண்டை என்று அந்தந்த வாரத்து சேதிதான் படமாகும். வைஸ்ராயும் தப்பவில்லை. சொந்த நாட்டு மிதவாதத் தலைவர்களும் தப்பவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 1908-ல் ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. மாட்டியது சீனிவாசன். 5 வருட தண்டனை! எழுதியது ஒருவர், ஜெயிலுக்கு போனது இன்னொருவர். அடுத்து பாரதியாருக்குத்தான் விலங்கு என்ற நிலையில், நண்பர்கள் அவரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தார்கள்.

அச்சு எந்திரமும் பின்னாலேயே புதுச்சேரிக்கு போனது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' மறுபடி வந்தது, கார்ட்டூனோடு! வாசகர்கள் எல்லாம் இருந்ததோ பிரிட்டிஷ் எல்லைக்குள். தபாலில் வரும் இதழை வெள்ளையர் அரசு தடுத்தது. இதழ் போய் சேராவிட்டால் சந்தா எப்படி வரும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்று போனது.

கார்ட்டூனுக்கென்றே 'சித்ராவளி' என்று தனி இதழ் நடத்தவும் அவருக்கு ஆசை. அறிவிப்போடு சரி, இதழ் வரவில்லை.

1918-ல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததுமே கடலூரில் கைதானார். விடுதலையாகி, 1920-ல் மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் பிரிந்தது. 39 வயதுகூட முடியவில்லை.

அந்த கார்ட்டூன்களை ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி தேடித் தொகுத்து, 1994-ல் 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்று புத்தகமாக்கினார்.