இருமுறை சிறையிருந்த தளபதி

எமதூராகிய மோகனூர் காவிரியின் வடகரையில் உள்ளது. எதிர்க்கரையில் வாங்கலும், அதற்கப்பால் கரூரும் உள்ளன. கோடையில் நீர் வற்றிய காலத்து, மணல்வெளியில் நடந்தே அக்கரை சேர்ந்ததுண்டென்று எம் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஒரு நடைத் தொலைவேயான இவ்வாறு, 1792 முதல் 1799 வரை இரண்டு அரசுகளுக்கு எல்லையாய்க் கிடந்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வடகரையிலிருந்த சேலம், நாமக்கல் சீமைகள் கும்பினியார் வசமாயின. தென்கரைக் கரூரோ மைசூர்த் திப்பு சுல்தானுக்கே திரும்பிற்று.

அவ்வெல்லை 1799-இல் அழிந்தது. இதே காவிரியை, மேற்கே சீரங்கப்பட்டணத்தருகில், கோடை நண்பகலொன்றில் சில ஆயிரம் வீரர் நடந்து கடந்தமையே அதற்குக் காரணம். அவர்களை முன்னின்று நடத்தியவர் ஸ்காட்லாந்து நாட்டினரான டேவிட் பேர்டு. 1930-இல் படைக்கலம் தொடாத அறப்போருக்குப் பாட்டளித்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அவர்கள் பிறந்த ஊரினராகிய யாம், வாளெடுத்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது எற்றுக்கெனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

பேர்டு 1757-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், எடின்பரோ நகருக்குக் கிழக்கே நியூபைத் என்னுமிடத்திற் பிறந்தார். 1772-இல், மிக்க இளமையிலேயே, படையிற் சேர்ந்தார். பின்னர் மக்லவுட் பிரபு என்பார் ஸ்காட்லாந்தின் மலைநாட்டாரைத் திரட்டிப் புதியதொரு காலாட் பட்டாளம் அமைத்தார். இப்பிரபு, 1745-இல் அரசர்க்கு மாறாக எழுந்த கிளர்ச்சியிற் கலந்து பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, சுவீடன் நாட்டுப் படையில் நெடுநாள் ஊழியம் புரிந்தவர். 73-ஆம் எண் பெற்ற அப்பட்டாளத்தில் பேர்டு கப்டன் ஆனார். அதன் முதற்பிரிவு 1779-இன் தொடக்கத்திற் கப்பலேறி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் கடலிற் கழித்து, 1780 ஜனவரியிற் சென்னை வந்து இறங்கிற்று.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கருநாடகச் சீமையிற் புகுந்தார். அவரை எதிர்க்க ஹெக்டர் மன்றோ என்னும் தளபதி காஞ்சிபுரத்தில் வந்து தங்கினார். குண்டூரிலிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் சிறுபடையை ஹைதரின் மைந்தர் திப்பு வழிமறித்தார். பெய்லிக்கு உதவியாக மன்றோ அனுப்பிய பிரிவில், 73-ஆம் பட்டாளத்தின் தேர்ந்த வீரர் சிலரும், அவர்களோடு பேர்டும் சென்றனர்.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள் பொள்ளிலூரில் அப்படை நாற்புறமும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதன்பின் அணிகள் சிதைந்தன. பட்டாளத்தின் பெரும்பகுதியோ மன்றோவுடன் காஞ்சிபுரத்தில், ஒரு காதத்திற்கு மேற்படாத தொலைவில் இருந்தது. எனினும் உதவி வரவில்லை. பெய்லி சரணடைந்தார். மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியிலேயே குளத்திலிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மைசூர்ப் படையின் இவ்வெற்றி 1784-இல் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டப்பெற்று, இன்றும் காண்பாரை நிறுத்தி வைக்கின்றது. அவ்வோவியத்தில் வென்றாரும் தோற்றாரும் உளர். இரு பக்கத்தும் மாண்ட சிப்பாய்களுட் பலர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசிய நம் நாட்டினரே. அவர்கள் பெயரை எழுதிவைத்தார் இலர்.

பேர்டு தலையில் வெட்டுண்டு, தொடையிற் குண்டு பாய்ந்து, களத்திற் கிடந்து பிடிபட்டார். ஆறாப் புண்ணோடு சீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டார். அங்குக் கைதிகட்கெல்லாம் காலில் இரும்பு விலங்கு பூட்டினர். பேர்டின் காயம் ஆறாமையால் அவருக்கு விலங்கிட வேண்டாவென உடனிருந்தோர் வேண்டினர். விலங்குகள் எண்ணி அனுப்பப்பட்டவை; ஒன்றும் மிஞ்சலாகாது என்று காவலதிகாரி மறுத்தார். அப்போது லூக்கஸ் என்னும் கப்டன், பேர்டுக்குரிய விலங்கையும் தம் காலிற் பூட்டுமாறு கேட்டுக்கொண்டார் என்று அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். லூக்கஸ் சிறையிலேயே இறந்தார். கர்னல் பெய்லியும் 1782 நவம்பரிற் சிறையில் உயிர்நீத்தார். பேர்டு மட்டும் மூன்றரை ஆண்டுகள் பிழைத்திருந்தார்.

கைதிகளை இருவர் இருவராகப் பிணைத்துள்ளனர் என்ற செய்தி ஸ்காட்லாந்திலிருந்த அவர் அன்னைக்கு எட்டியபோது, தம் மகனோடு பிணைக்கப்பட்டவன் நிலைமைக்கே அவ்வம்மையார் இரங்கினார் என்றொரு கதை வழங்குகின்றது. மகனின் முன்கோபத்தை அன்னையன்றி யார் அறிவார்! இக்குணத்தை நண்பர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இஃது வேண்டப்படும்.

1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை நிறைவேறிற்று. பேர்டு விடுதலை பெற்றுத் தம் பட்டாளத்தை அடைந்தார். 1786-இல் அப்பட்டாளத்தின் எண் 71 என மாற்றப்பட்டது. 1791, 1792-ஆம் ஆண்டுகளிற் காரன்வாலிஸ் பிரபுவின் படையோடு சீரங்கப்பட்டணம் வரை சென்று போரிட்டார். அப்போரின் முடிவில் எழுந்த உடன்படிக்கையே எம் ஊரை எல்லையூராக்கியது. 1797-இல் 71-ஆம் பட்டாளத்தைத் தாய்நாட்டிற்குத் திருப்பும் ஆணை வந்தது. ஊழியத்திற்குத் தக்க வீரர்களை வேறு பட்டாளங்களிற் பங்கிட்டு விட்டனர். பதினேழு ஆண்டு கூடியிருந்தோர் கலைந்தனர்.

1799-இல் மீண்டும் போர் மூண்டது. தளபதி ஹாரிஸ் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். மேஜர் ஜெனரலாய் உயர்ந்திருந்த பேர்டு, மதிலேறும் படைக்குத் தலைமை தமக்கே வேண்டுமெனத் தாமே கேட்டுப் பெற்றார். மே 4-ஆம் நாள் பிற்பகல் ஒரு மணியளவில், அவர் அகழியினின்று வெளிப்பட்டு வாளை உருவி முன்னே நின்றார். காவிரியில் நீர் குறைந்திருந்தது. பாறைகளினிடையே வீரர் கடந்தனர். சில நிமிடங்களில் மதிலின் உடைப்பில் கொடி ஏறிற்று. அன்று மாலைக்குள் கோட்டை வீழ்ந்தது.

பேர்டின் உள்ளம் சோதிக்கப்பட்டது அதற்குப் பின்னரே. அம்முற்றுகையின்போது பிடிபட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் சிலர் கோட்டையினுள் கொல்லப்பட்டனர் என்ற செய்தி அவர் செவிக்கு எட்டிச் சினமூட்டியிருந்தது. அந்நிலையிலே திப்புவின் புதல்வர் அவர் முன் கொண்டுவரப்பட்டனர். தம்மை விலங்கிட்ட அரசின் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் உயிர் அப்போது அவர் கையில் இருந்தது. பேர்டு அவர்கட்கு அபயமளித்து, தக்க காவலோடு மரியாதையாக அனுப்பினார். இரவிற் பந்த வெளிச்சத்தில் வாயிலொன்றிற் குவிந்து கிடந்த பிணங்களினிடையே திப்பு சுல்தானின் உடலைத் தேடிக் கண்டனர். போரிட்டு மாண்ட மன்னர்க்குரிய மரியாதையோடு மறுநாள் அவரை அவர் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்தனர். ஆயினும் நகர மாந்தர்க்கு அவ்விரவு அபயம் கிட்டவில்லை. வென்ற படையினர் வீடுதோறும் புகுந்து கொள்ளையிட்டனர். இதனையும் மறையாது கூறுதலே வரலாற்றிற்கு அழகு.

பகைவர்பாற் பழிவாங்காத அவ்வுள்ளம், மறுநாளே வேறொரு பிணியிற் பட்டது. கோட்டையின் அதிகாரம் ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் கர்னலிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் பதவியில் பேர்டுக்குக் கீழ்ப்பட்டவர். கவர்னர் ஜெனரலுக்குத் தம்பி. உயிரைப் பணயம் வைத்துக் கோட்டையைப் பிடித்தவர் ஒருவர், ஆளுவார் மற்றொருவர் என்பதை பேர்டு பொறுக்கமாட்டாதவராயினார். மேலதிகாரிகட்கு முறையிட்டார். வெல்லெஸ்லி கொள்ளையரைக் கடிதின் அடக்கி நகரில் ஒழுங்கை நிலைநாட்டியதும் உண்மையே. ஆயினும் புண்பட்ட நெஞ்சு அதனைக் காணவில்லை. இரும்பு விலங்கு மூன்றரை ஆண்டில் நீங்கிற்று. இப்புதிய விலங்கைப் பூட்டியவரும் அவரே, திறவுகோலை வைத்திருந்தவரும் அவரே.

1801-இல் இந்தியாவிலிருந்து எகிப்துக்கு ஒரு படை புறப்பட்டது. அதற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் வெல்லெஸ்லி. பின்னர்த் தலைமை பேர்டுக்கு மாற்றப்பட்டது. இம்முறை மனங்கசந்தவர் வெல்லெஸ்லி! பேர்டு செங்கடற் கரையிலிறங்கி, பாலைவனம் கடந்து நைல் ஆற்றை அடைந்தார். 1806 ஜனவரியில் நன்னம்பிக்கை முனையைப் பிடித்த படைக்கும் அவரே தலைவர். அப்படையில் அவருடைய பழைய 71-ஆம் பட்டாளம் மீண்டும் அவர் கீழ் நின்று போரிட்டது. 1809 ஜனவரி 16-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுக் கொருன்னாவில் குண்டடிபட்டு இடக்கையை இழந்தார். அதன்பின் பெரும்போர் எதிலும் அவர் படை நடத்தவில்லை. அவ்வாண்டுகளில் வெல்லெஸ்லியோ வெற்றிமேல் வெற்றி பெற்று வெல்லிங்டன் கோமகனாகி, 1815-இல் வாட்டர்லூவில் உலகப் புகழ் எய்தினார்.

கையிழந்து ஒதுங்கிய கிழவர் இனி எத்துணைக் கசப்போடு வாழ்ந்திருப்பார் என நாம் எண்ணுதல் இயல்பு. ஆனால் நடந்தது வேறு. முதுமையில் தம் நண்பர் ஜான் மால்கமைச் சந்தித்தபோது, பண்டு தாம் பட்ட மனத்தாங்கலைப் பேர்டு மறைக்கவில்லை. இப்போது எல்லாம் வேறாகத் தோன்றுகின்றன என்றும், அத்தகைய பெருவீரரோடு தம்மையும் ஒருகாலத்தில் ஒருவர் ஒப்பிட்டு எண்ணினர் என்பதே தமக்குப் பெருமை என்றும், அவர் புகழ் தமக்கு மகிழ்ச்சியே என்றும் மனமுவந்து கூறினார். 1829 ஆகஸ்டு 18-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கிரீஃப் என்னும் ஊரருகே அவர் காலமானார். இரண்டாம் சிறையினின்று விடுதலை பெற்றே அவர் இறந்தார் என்பது எம் துணிபு.

இனி எம்மைப்பற்றி ஒரு சொல். சென்ற ஆண்டு பேச்சுப் போட்டியொன்றில் எமக்கே கிட்டுமென யாம் எண்ணியிருந்த பரிசு எம் அறைத் தோழர்க்குச் சென்றது. ஒரே விளக்கின்கீழ்ப் படித்துக்கொண்டும், இரு திங்கள் அவரோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்தோம். பகைவரை நேசித்தலைப்பற்றி வேதபாட வகுப்பில் வினா எழுந்தால் முதலில் விடை கூறுவார் யாமே. எமக்குப் பகைவர் எவருமில்லை; ஆதலின் அவ்விடை எளிதாயிருந்தது. பக்கத்துப் பாயில் உறங்குவான் நம்மை முந்தும்போது மகிழ்தலன்றோ அரிது! பேர்டின் சரிதத்தைப் படித்து முடித்த இரவில் அத்தோழரை எழுப்பி, அவர் பேச்சு நன்றாயிருந்ததெனக் கூறினோம். அவர் உறக்கக் கலக்கத்தில் எம்மை விளங்காது நோக்கி, மறுபடியும் படுத்துக்கொண்டார்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது காவிரித் துறையிற் சென்று நின்றோம். எதிர்க்கரை விளக்குகள் தெரிந்தன. எல்லைக் கல் எதுவும் அங்கில்லை. சீரங்கப்பட்டணத்தைத் தீவாய்ச் சூழ்ந்த அவ்வாறு, எம் ஊர்த் துறையைத் தொட்டுக் கிழக்கே சென்றுகொண்டிருந்தது.