வேப்பேரிப் பெப்ரீஷியஸ் ஐயர்

நம் சங்க நூலகத்து அலமாரியில் பெப்ரீஷியஸ் அகராதி என்னும் தடித்த நூலொன்று இருப்பதை அன்பர்கள் அறிவர். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் தேடும் மாணவர் பலர் அதனைப் புரட்டியிருப்பர். அப்பெயருக்கு உரியவர் யாவர் என வினவினால் விடை கூறுவோர் சிலரே. மாதுங்காவில் ஐயர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வேறு; இவரோ ஜெர்மனியில் பிறந்த கிறிஸ்தவ குரு. அந்நாளைத் தமிழர் இத்தகைய குருமாரையும் ஐயர் என்றே மரியாதையுடன் அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைப்போமாக.

1711ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள், ஹெஸ்ஸே நாட்டுக் கிளேபெர்க் என்னும் சிற்றூரில் யோகான் பிலிப் பெப்ரீஷியஸ் பிறந்தார். முதலில் கீசன் நகரில் சட்டம் பயின்றார். பின்னர் மனம் மாறி, ஹாலே நகருக்குச் சென்று இறைநூல் கற்கலானார். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு ஐயரை உருவாக்கி அனுப்பியதும் அந்த ஹாலே நகரமே. 1740இல் பெப்ரீஷியஸ் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1742இல் சென்னைக்கு மாற்றப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவர் வாழ்வு சென்னையோடு பிணைந்திருந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

அக்காலம் போர்க்காலம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஐயர் தம் மக்களுடன் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் புகலடைந்தார். சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வேப்பேரியில் இடம் கிடைத்தது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலி படையெடுத்து வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது; மறுபடியும் பழவேற்காடு. இத்தகைய அலைச்சலுக்கிடையே அவர் விடாமல் செய்துவந்த பணி ஒன்று உண்டு. அது கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் புதிதாகப் பெயர்த்தெழுதும் பணியாகும். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளிலேயே அச்சேறியிருந்தது. ஆயினும் அதன் நடை செம்மைப்பட வேண்டுமென்று ஐயர் கருதினார்.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் 21 நூல்கள் கடிதங்களே. அவற்றை நிருபங்கள் என்பர். ரோமாபுரி, கொரிந்து, பிலிப்பி முதலிய நகரங்களில் சிறு கூட்டங்களாக வாழ்ந்த அடியார்களுக்கு எழுதப்பட்டவை அவற்றுள் பல. எழுதியவருள் முதன்மையான பவுல் ஊர்தோறும் சென்றவர். கூடாரம் செய்யும் தொழிலால் வயிறு வளர்த்தவர். தாராவியில் தோல் தைத்துப் பிழைத்த நம்மவருக்கு இவ்வாழ்க்கை விளங்காததன்று.

ஒரு கடிதம் யாருடையது என்னும் வினா, எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குப் பழகிய ஒன்று. மேலதிகாரி சொல்வார், எழுத்தர் எழுதுவார், கையொப்பம் மேலதிகாரியுடையது. பவுலும் இவ்வாறே செய்தார். ரோமருக்கு அனுப்பிய நிருபத்தை எழுதிய கை தெர்தியு என்பவருடையது; இறுதியில் அவர் தம் வாழ்த்தையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டார். அத்தகைய துணிவு நம் அலுவலகத்தில் எவருக்கும் வராது! கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவிலோ பவுல் தம் கையாலேயே பெரிய எழுத்துகளில் சில வரிகள் வரைந்தார்.

பவுலின் பெயர் தாங்கிய நிருபங்கள் 13. அவற்றுள் 7 ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்பர் இக்கால ஆய்வாளர். தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதியவற்றில் சொல்வழக்கும் சபை அமைப்பும் வேறுபடுவதால், பின்வந்த மாணாக்கர் எழுதியிருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் எழுதியவர் பெயரே இல்லை. நெடுங்காலம் அதுவும் பவுலின் கணக்கில் வைக்கப்பட்டது. மார்ட்டின் லூதர் 1522இல் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது அதனையும், யாக்கோபு, யூதா ஆகியோர் நிருபங்களையும், வெளிப்படுத்தின நூலையும் தனியே பிரித்துக் கடைசியில் வைத்தார்.

லூதருக்கு யாக்கோபின்மேல் மனத்தாங்கல் ஏற்படக் காரணம் உண்டு. மனிதன் தன் செயல்களின் பலத்தால் நீதிமான் ஆவதில்லை, கடவுளின் கிருபையால் விசுவாசத்தின் வழியே ஆகிறான் என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் சாரம். செயலில்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் வாதம். லூதரின் சபை பவுலின் கருத்தையே அடித்தளமாகக் கொண்டது. பெப்ரீஷியஸ் ஐயர் அச்சபையினர். ஆயினும் அவர் வளர்ந்த ஹாலேயில் பள்ளியும் அநாதைகள் இல்லமும் நடத்துவதே பக்தியின் அடையாளமாக இருந்தது. இருவருடைய சொல்லையும் அவர் தமிழில் கொணர்ந்தார்.

இப்பணியின் கடுமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் 12 வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியமாக ஓடுகின்றன. தமிழிலோ வினைமுற்று கடைசியில்தான் வரும். பொருள் முழுதும் அதுவரை தொங்கிக்கொண்டிருக்கும். கடவுளைக் குறிக்க எச்சொல்லை ஆள்வது என்பதும் பெரும் வினா. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். தாயுமானவர் பாடல்களால் நாம் நன்கறிந்த பராபரன் என்னும் சொல்லைப் பெப்ரீஷியஸ் கொண்டார். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. இம்மூன்றனுள் பராபரனே நம் செவிக்கு இனியது என்போம். இது நம் சொந்தக் கருத்து.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்கு வந்தது. அரசாங்க வேலை வரும்போது அதனைச் செய்து தரவேண்டும் என்னும் ஏற்பாட்டுடன் அது வேப்பேரியில் வைக்கப்பட்டது. அப்பொறியின் துணையால் ஐயரின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டையும் அவர் பெயர்த்தார், ஞானப்பாட்டுகளும் இயற்றினார்.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தம் தருவது. ஐயரைப் புகழ்வோர் சிலர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர். சபைப் பணமும், பிறர் நம்பி ஒப்படைத்த பணமும் அவர் பொறுப்பில் இருந்தன. வட்டி வந்தால் சபைக்கு உதவுமென்று எண்ணி அவற்றைக் கடனாகக் கொடுத்தார். நவாபு முகம்மது அலியின் கடன்களால் சென்னையில் பலர் நிலைகுலைந்த காலம் அது. ஐயரிடம் வாங்கியவர்களும் திருப்பித் தரவில்லை. பணம் ஒப்படைத்தவர்கள் அவரைப் பிடித்தனர். ஒரு காலத்தில் சட்டம் பயின்ற அவர் முதுமையில் கடனாளியாகச் சிறை புகுந்தார்.

தம் செல்வாழ்வுக்காக அவர் ஒரு காசும் எடுத்தாரில்லை. எனினும் கணக்கில் தவறினார் என்பதை மறைக்க நமக்கு மனமில்லை. அதில் இழந்தது பிறர் பொருள். நாமும் ஒருமுறை ஒருவர் சொல்லை நம்பி, எண்ணிப் பாராமல் கையொப்பமிட்டோம். குறைந்த தொகை நம் சம்பளத்தில் 6 மாதம் பிடிக்கப்பட்டது. தவறு நம்முடையதே. அந்நாட்களில் வீட்டாரின் முகத்தைப் பார்க்க எவ்வளவு கூசினோம் என்பதை எண்ணும்போது, ஊரறியச் சிறை சென்ற அம்முதியவரின் நிலை ஒருவாறு புரிகிறது.

பவுலின் நிருபங்களுள் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. அதனைச் சிறையிலிருந்து எழுதினார். எசமானை விட்டுப் பிரிந்துவந்த ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்பி, அவனைச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டினார். அவன் பட்ட கடன் ஏதேனும் இருப்பின் தம் கணக்கில் வைக்குமாறும், தாமே செலுத்துவதாகவும் தம் கையால் எழுதிக் கொடுத்தார். இதனைத் தமிழாக்கியபோது, தாமும் கடனுக்காகச் சிறை காண்போம் என்று ஐயர் நினைத்திருக்க வழியில்லை.

1788இல் வேப்பேரிப் பொறுப்பு கெரிக்கே ஐயரிடம் சென்றது. 1791 ஜனவரி 23ஆம் நாள், 80 வயது நிறைந்த மறுநாள், பெப்ரீஷியஸ் ஐயர் காலமானார். அவருடைய மொழிபெயர்ப்போ அழியவில்லை. ரேனியுஸ் ஐயர் வேறொன்று செய்தார். 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பும் வந்தது. எனினும் லூதரன் சபையார் 20ஆம் நூற்றாண்டிலும் பழைய வேதத்தை விடாது போற்றினர். பின்வந்தோரும் அவர் சொற்களின் மேலேயே கட்டினர்.

அகராதியின் கதை இன்னும் சுவையானது. 1779இல் முதன்முதலாக வேப்பேரியில் அச்சானபோது அதன் முகப்பில் அவர் பெயர் இல்லை; சென்னையிலுள்ள ஆங்கில மிஷனரிமார் செய்தது என்றே இருந்தது. உடனுழைத்த பிரைத்தாப்ட் ஐயருக்கும் அதில் பங்குண்டு. 1897 தொடங்கித் தரங்கம்பாடியார் அதனை விரித்துப் பலமுறை பதிப்பித்தனர். பெப்ரீஷியஸ் அகராதி என்னும் பெயர் அவ்வாறு நிலைத்தது. நம் நூலகத்தில் இருப்பது 1972ஆம் ஆண்டுப் பதிப்பு. கட்டு தளர்ந்திருப்பதால் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ஞாயிறு மாலைகளில் வந்து அங்கேயே அமர்ந்து பார்க்கலாம்.