சுபேதார் இராம்ஜி சக்பால்

அண்ணல் அம்பேத்கரை அறியாதார் நம்மில் இலர். அவருடைய தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பாலை நினைவுகூர்வோர் சிலரே.

மராட்டிய நாட்டில் மகர் குலத்தில் தோன்றிய இராம்ஜி, தம் தந்தையார் மாலோஜியைப் போலவே ஆங்கிலேயரின் இராணுவத்தில் சேர்ந்தார். ஊர்ப் பள்ளிகள் தீண்டப்படாதாருக்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில், இராணுவத்தில் படையினருக்குக் கல்வி கிடைத்தது. அங்குக் கற்றுத் தேர்ந்த அவர், 14 ஆண்டுகள் இராணுவப் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கினார்.

1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. நீதிபதி ரானடேயின் துணையுடன் இராம்ஜி அதனை எதிர்த்து விண்ணப்பித்தார், பயனில்லை. ஆயினும், படையில் பெற்ற கல்வியை எந்த ஆணையாலும் பறிக்க இயலவில்லை.

ஓய்வுபெற்றபின் பம்பாயில் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்தார். மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமான மகள்களிடம் நகையை இரவல் பெற்று அடகு வைத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். பின்னிரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார்.

அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டமும் பெற்றார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் இராம்ஜி மறைந்தார். அவ்வாண்டிலேயே மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றதை அவர் காணவில்லை.

இளைஞர்களே, உங்கள் பாடநூலுக்காக எவருடைய நகை அடகில் இருக்கின்றது என்பதை அறிந்து படியுங்கள்.