கொடியை விடாத குமரன்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலை என்று ஓர் ஊர். மலை மேல் முருகன் கோயில். மலையடியில் தறிச் சத்தம்.

அந்த ஊரில் ஒரு நெசவாளர் குடும்பம். அதில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை நாச்சிமுத்து. தாய் கருப்பாயி. பிள்ளைக்குக் குமாரசாமி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குமாரசாமிதான் திருப்பூர் குமரன். கொடி காத்த குமரன் என்று நாடு போற்றும் வீரர்.

தறியும் வறுமையும்

வீட்டில் வறுமை. ஐந்தாம் வகுப்போடு குமரனின் படிப்பு நின்றது. சிறு வயதிலேயே தறியில் உட்கார்ந்தார். 19-வது வயதில் ராமாயியை மணந்தார்.

தறிக் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போனார். அங்கே ஓர் ஆலையில் வேலை கிடைத்தது.

பெரிய படிப்பு இல்லை. சொத்து இல்லை. செல்வாக்கு இல்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இளைஞர்கள் அதிகாரியைக் கண்டால் தலை குனிவார்கள். போலீஸ்காரரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நிற்கப் பழகினார்

திருப்பூர் அப்போது கதருக்குப் பேர் போன ஊர். காந்தியடிகள் வந்து போன ஊர். அங்கே இளைஞர்கள் கூடி தேசபந்து வாலிபர் சங்கம் நடத்தி வந்தார்கள். குமரனும் அதில் சேர்ந்தார்.

அந்நாளில் காங்கிரஸ் தொண்டர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கள்ளுக்கடை வாசலிலும் அந்நியத் துணிக்கடை வாசலிலும் போய் நிற்க வேண்டும். வருகிறவர்களைக் கைகூப்பி, வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வைதால் திருப்பி வையக்கூடாது. அடித்தால் திருப்பி அடிக்கக்கூடாது. ஆனால், நின்ற இடத்தை விட்டு நகரவும் கூடாது!

கேட்பதற்கு எளிது. செய்வது கடினம். கோபம் வந்தால் கை ஓங்கும். பயம் வந்தால் கால் ஓடும். கையையும் காலையும் அடக்கி நிற்பது பிறவியில் வருவதல்ல. பழகப் பழக வருவது. பத்துப் பேர் கூடப் பழகினால் சீக்கிரம் வருவது.

ஜனவரி 10

1931 மார்ச்சில் காந்தியடிகளும் வைஸ்ராய் இர்வின் பிரபுவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். பிறகு காந்தியடிகள் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். 1932 ஜனவரி 4-ந் தேதி அரசாங்கம் அவரைக் கைது செய்தது. நாடெங்கும் அடக்குமுறைச் சட்டங்கள் வந்தன. நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள்.

திருப்பூர்த் தொண்டர்கள் ஊர்வலம் போக முடிவு செய்தார்கள். தடையை மீறினால் தடியடி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் புறப்பட்டார்கள்.

ஜனவரி 10-ந் தேதி. பி.எஸ். சுந்தரம் தலைமையில் ஊர்வலம் கிளம்பியது. குமரன் கையில் மூவர்ணக் கொடி. நடுவில் ராட்டை. முந்திய ஆண்டில்தான் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொடி அது.

போலீசார் வழிமறித்தார்கள். தடிகள் பாய்ந்தன. குமரனின் மண்டை பிளந்தது. ரத்தம் வழிந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ஓடவும் இல்லை. நினைவு தப்பிக் கீழே சாய்ந்தார். அப்போதும் கையிலிருந்த கொடியை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பலன் இல்லை. மறுநாள், ஜனவரி 11-ந் தேதி, உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 27. ராமாயியின் தாலி போயிற்று. கருப்பாயி பெற்ற மகனை இழந்தார்.

நமக்கு விட்டுச் சென்றது

திருப்பூரில் குமரன் பெயரால் சாலை இருக்கிறது. நினைவகம் இருக்கிறது. நூற்றாண்டான 2004-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

உரத்துக் கத்துகிறவன்தான் தைரியசாலி என்று சிலர் நினைக்கிறார்கள். குமரன் கத்தவில்லை. யாரையும் இழிவாகப் பேசவில்லை. தனக்குச் சரி என்று பட்டதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் பழகலாம். உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கூலியில் குறைத்தால் மரியாதையாகக் கணக்குக் கேட்கலாம். கூடாத காரியத்துக்குத் தோழன் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லலாம். வகுப்பில் ஒரு பையனைப் பலர் சேர்ந்து கேலி செய்தால், அவன் பக்கத்தில் போய் நிற்கலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை பணிவாக மறுத்துப் பேசினால் வாயை அடைக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் பேசப் பழகிய பிள்ளைதான் வெளியில் நிமிர்ந்து நிற்கும்.